நாணலை மதித்த விஞ்ஞானி ஜானகி அம்மாள்



இந்த ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி பேரவைச் செயலாளர் அண்ணன் என்னிடம் கேட்டார். நான் சரி என்று தலையாட்டுவதற்குள் எடிசனை ஒருவரும், சர் சி.வி.ராமனை ஒருவரும், அப்துல் கலாமை மூன்று பேரும் எடுத்துக்கொண்டு விட்டார்கள். மிச்சம் யார் என்று தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கெமிஸ்ட்ரி மேடம் வந்து, நீ நாட்றாம்பாளையத்துப் பொண்ணுதானே, காடு கழனி தெரிந்தவள், ஜானகி அம்மாளைப் பற்றி எழுது என்றார். யார் அவர் என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இவரைத் தெரியாமலா இத்தனை நாள் இருந்தோம் என்று ஆகிவிட்டது. மரபணுவியலில் நம் நாட்டுக்கு முன்னோடியாக நின்ற ஒரு பெண்மணி. அவரைப் பற்றி நான் அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிறந்த வீடு

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி தலைச்சேரியில் பிறந்தார். இன்று அது கேரளம். அன்று சென்னை மாகாணம். தந்தை ஈ.கே.கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். அவருடைய இரண்டு மனைவியருக்கும் சேர்த்து 19 பிள்ளைகள். இரண்டாவது மனைவி தேவி அம்மாளுக்குப் பிறந்த 13 பேரில் ஜானகி பத்தாவது.

தந்தைக்குத் தோட்டம் என்றால் உயிர். வடமலபாரின் பறவைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். செடி கொடிகளின் மீது மகளுக்கு வந்த ஆசை அந்தத் தோட்டத்தில் முளைத்ததுதான்.

வசதியான குடும்பம் என்றாலும் அவர்கள் தீயர் சாதி. அந்தக் காலத்தில் தாழ்வாக நடத்தப்பட்ட சாதி. அது மட்டுமல்ல. தாய் தேவி அம்மாளின் தகப்பனார் ஹானிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி, திருவிதாங்கூரில் ரெசிடென்டாக இருந்தவர். முறையான கல்யாணத்தில் பிறந்த உறவு அல்ல. ஆகவே இந்தப் பக்கமும் முழுதாகச் சேராமல், அந்தப் பக்கமும் சேராமல் நின்ற வீடு அது. இரண்டு வகை கலந்தால் என்ன பிறக்கும் என்று ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர், கலப்பு என்ற சொல்லை ஊர் எப்படிச் சொல்லும் என்பதைத் தன் வீட்டிலேயே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கல்யாணமா, காலேஜா?

அக்காமார்கள் ஒவ்வொருவராகக் கல்யாணமாகிப் போனார்கள். ஜானகி சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். பிறகு சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை.

இந்த நேரத்தில்தான் வீட்டில் அவருக்கும் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வேறு யாருமல்ல, நெருங்கிய முறைப்பையன். அதே சமயம் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆசியப் பெண்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இலவசமாகப் படிப்பதற்கு பார்பர் என்பவர் ஏற்படுத்திய உதவித்தொகை கிடைத்திருந்தது. ஒரு பக்கம் தாலி, ஒரு பக்கம் கப்பல் டிக்கெட். ஜானகி கப்பல் ஏறினார். வருடம் 1924.

இந்தப் பக்கத்தை நான் ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை படித்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நியூயார்க்கில் இறங்கியதும் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். நீண்ட கூந்தலையும் பட்டுச் சேலையையும் பார்த்து, இந்திய ராஜகுமாரியோ என்று கேட்டார்களாம். அவர் இல்லை என்று சொல்லவில்லை! அந்தக் குறும்பும் அவருக்கு இருந்தது.

மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பி மறுபடி பாடம் நடத்தினார். மறுபடி போய் 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அமெரிக்காவில் தாவரவியலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அங்கே அவர் ஒட்டுச் சேர்த்து உண்டாக்கிய ஒரு கத்தரி வகைக்கு அவர் பெயரே அமைந்தது. 1932 முதல் 1934 வரை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியை.

கரும்பும் நாணலும்

1934-ல் கோயம்புத்தூருக்கு வந்தார். அங்கேயுள்ள கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கப்பட்டது. பார்பர் என்ற ஆங்கிலேயரும் (உதவித்தொகை தந்தவர் வேறு, இவர் வேறு), அவருக்குப் பின் சர் டி.எஸ்.வெங்கட்ராமனும் அதைப் பெரிதாக்கியவர்கள்.

அந்த நிலையத்தின் பெரிய கண்டுபிடிப்பைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். தடித்த கரும்பு நன்றாக இனிக்கும், சாறும் அதிகம். ஆனால் சொகுசுப் பிள்ளை. குளிர் தாங்காது, வறட்சி தாங்காது, நோய் வந்தால் படுத்துவிடும். ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற நாணலைப் பாருங்கள். ஒகேனக்கல் பக்கம் காவிரி ஓரத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் விதைப்பதில்லை, தண்ணீர் விடுவதில்லை. வெள்ளம் வந்தால் சாயும், வடிந்தால் நிமிரும். இனிப்பு மட்டும் கிடையாது. இந்த நாணலும் கரும்பின் சொந்தக்காரச் செடிதான். இரண்டையும் மணம் முடித்துப் பிறந்த முதல் பிள்ளைதான் 'கோ 205'. 1918-ல் வட இந்திய வயல்களுக்குப் போனது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். அதன் பிறகு இந்தக் 'கோ' வகைகள் நாடு முழுக்கப் பரவின. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்கு அரசு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது நாட்டில் 30-ஐ ஒட்டியே இருந்த சர்க்கரை ஆலைகள், சில வருடங்களில் 130-ஐத் தாண்டின. ஆலைக்குச் சட்டம் வழி விட்டது, ஆலைக்கு வேண்டிய கரும்பைக் கோயம்புத்தூர் தந்தது.

சரி, இதில் ஜானகி அம்மாளின் வேலை என்ன? கலப்புப் பிறந்துவிட்டது. ஆனால் அதற்குள்ளே என்ன நடந்தது? நாம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள். ஒரு போர்டு வேலை செய்தால் மட்டும் போதாது, சர்க்யூட் வரைபடம் வேண்டும் அல்லவா? உயிருக்கு அந்த வரைபடம் குரோமோசோமில் இருக்கிறது. வேர் நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்க வலிக்க ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மனிதனுக்கு 46. தடித்த கரும்புக்கு 80! நாணலுக்கோ இடத்துக்கு இடம் மாறும், 40-லிருந்து 128 வரை.

பொதுவாகத் தாய் பாதி, தகப்பன் பாதி கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் கரும்பைத் தாயாகவும் நாணலைத் தகப்பனாகவும் வைத்துச் சேர்த்தால், தாய்க்கரும்பு பாதியைக் கொடுப்பதில்லை. தன்னிடம் உள்ள 80-ஐயும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு விஞ்ஞானி கண்டுபிடித்த உண்மை இது. இதைப் படித்த அன்று ராத்திரி, முதல் வருட ஃபீஸுக்காகத் தோட்டை அடகு வைத்த என் அம்மா ஞாபகத்துக்கு வந்தாள்.

ஜானகி அம்மாள் கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், வேறு பல புல் வகைகளோடும் சேர்த்துப் பிறந்த கலப்புகளை ஆராய்ந்தார். கரும்பும் மக்காச்சோளமும் சேர்ந்த கலப்பைப் பற்றி 1938-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பல இடத்து நாணல்களின் குரோமோசோம்களை எண்ணி ஒப்பிட்டு, அந்த நாணல் இனம் தோன்றிய இடம் நம் இந்தியாவே என்றும் எடுத்துக் காட்டினார். களை என்று நாம் மிதித்துப் போகிற புல்லுக்கு ஊரும் பேரும் வம்சமும் தேடிக் கொடுத்தவர் அவர். 1935-ல் சர் சி.வி.ராமனின் இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு செய்தும் கோயம்புத்தூரில் அவருக்கு நிம்மதி இல்லை. சுற்றிலும் ஆண்கள். இவர் கல்யாணமாகாத பெண், அதிலும் பின்தங்கிய சாதி. உடன் வேலை செய்தவர்களோடு மனக்கசப்பு தீரவே இல்லை. 1939-ல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார்.

குண்டு மழையில் மைக்ராஸ்கோப்

லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. ராத்திரியில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போடும்போது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். காலையில் எழுந்து அலமாரியில் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவார். துணைக்கு இந்தியாவிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுபோன ஓர் அணிற்பிள்ளை. அதற்குப் பெயர் கபோக்!

அங்கே சி.டி.டார்லிங்டன் என்ற பெரிய விஞ்ஞானியோடு சேர்ந்து 1945-ல் ஒரு நூலை வெளியிட்டார். மனிதன் பயிரிடுகிற ஆயிரக்கணக்கான தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துத் தந்த நூல் அது. புதிய ரகம் உண்டாக்க நினைக்கிறவர்களுக்கு அது அகராதி மாதிரி. எந்தச் செடி எதோடு சேரும், சேர்ந்தால் பிள்ளைக்கு விதை வருமா வராதா என்று யோசிக்க முதலில் அந்த எண் தெரிய வேண்டும். என் சித்தி ஓசூர் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் ரோஜா வெட்டும் வேலைக்குப் போகிறாள். கூலிக்கு வெட்டுகிற அந்தப் பூவின் செல்லில் பெரும்பாலும் 28 குரோமோசோம், காட்டு ரோஜாக்கள் பலவற்றில் 14-தான் என்று சொன்னேன். அதனாலதான் இம்மாம் பெரிசா பூக்குதா என்று கேட்டாள். அதுவும் ஒரு காரணம் சித்தி என்றேன்.

செங்காந்தளின் விஷம்

போர் முடிந்ததும் விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கம் அவரை வேலைக்கு அழைத்தது. அங்கே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் பெண் விஞ்ஞானி அவர். அங்கேதான் கோல்சிசின் என்ற மருந்தை வைத்துப் பல சோதனைகள் செய்தார்.

இந்தக் கோல்சிசின் நமக்கு அந்நியமானது அல்ல. நம் காட்டு வேலிகளில் மழைக்குப் பிறகு சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிறதே செங்காந்தள், நம் மாநில மலர், கண்வலிக்கிழங்கு என்போமே, அதிலும் இருக்கிற விஷம்தான் அது. ஆயா எங்களை அதைத் தொடவே விடமாட்டாள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மெல்லிய இழைகள் உண்டாகும். கோல்சிசின் அந்த இழைகளைச் சேரவிடாது. குரோமோசோம்கள் இரண்டு மடங்காகி, ஆனால் பிரிய முடியாமல், ஒரே செல்லுக்குள் நின்றுவிடும். அப்படிப்பட்ட செடியில் இலை தடிக்கும், பூ பெருக்கும். மலட்டுக் கலப்புச் செடிக்கு விதை பிடிக்க வைக்கவும் இந்த வழி உதவும். ஜானகி அம்மாள் மக்னோலியா நாற்றுகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார். அவற்றில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு வகைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வளர்த்த மக்னோலியா மரங்கள் விஸ்லியில் இன்றும் பூக்கின்றன.

இன்றைக்கு விதைக் கம்பெனிகளும் பூக் கம்பெனிகளும் பயோடெக்னாலஜி என்று கோடிக்கணக்கில் வியாபாரம் செய்கின்றன. செல்லைத் திறந்து பார்த்துப் புது ரகம் உண்டாக்கும் அந்தப் பாதையை ஆரம்பத்தில் வெட்டிக் கொடுத்தவர்களில் ஜானகி அம்மாளும் ஒருவர். அவர் தனக்கென்று ஒரு கம்பெனி வைக்கவில்லை. அரசாங்கச் சம்பளத்திலேயே காலம் தள்ளினார்.

தாய்நாடு அழைத்தது

1951-ல் பிரதமர் நேரு அவரைத் திரும்பி வரச் சொன்னார். வெள்ளைக்காரர் காலத்தில் 1890-ல் தொடங்கிய இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு. 1952 அக்டோபரில் தனி அதிகாரியாகப் பொறுப்பேற்றார். நம் நாட்டுச் செடிகளை நாமே தேட வேண்டும், மாதிரிகள் லண்டனில் அல்ல, நம் நாட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் சில வருடங்களில் தலைமைப் பதவிக்கு வேறொருவர் வந்தார். அந்த வருத்தம் அவருக்கு இருந்தது. வருத்தத்தோடு வீட்டில் உட்காரவில்லை, வேலையைத் தொடர்ந்தார்.

ஒரு தடவை ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போனார். அந்தப் பகுதியில் மிச்சமிருந்த ஒரே ஒரு அபூர்வ மக்னோலியா மரத்தைத் தேடி. போய்ச் சேர்ந்தால், மரத்தை எரித்துவிட்டிருந்தார்கள்! 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் பெண் இவர் ஒருவரே. மலைவாழ் மக்களின் விவசாயத்தையும், செடிகளைப் பற்றி அவர்களுக்குள்ள அறிவையும் பற்றி அங்கே பேசினார். சாமையும் ராகியும் கொள்ளும் விதைத்து, மூட்டை கட்டி விதை காக்கும் நம் பக்கத்து ஆயாக்களைப் பார்த்தால் அவர் மரியாதையோடு பேசியிருப்பார்.

ஜம்முவிலும், கொஞ்ச காலம் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும் பணி செய்துவிட்டு 1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மதுரவாயலில் இருந்த வயல்வெளி ஆய்வுக்கூடமே அவர் வீடு. 1977-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எண்பது வயதைத் தாண்டியும் சும்மா இருக்கவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவுக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டம் வந்தபோது எதிர்த்து நின்றார். அங்கிருக்கும் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையிலும் இறங்கினார். 1983 நவம்பரில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7-ஆம் தேதி, மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலையின் நடுவே அவர் உயிர் பிரிந்தது. அதே வருடம் நவம்பர் 15-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கு 1999 முதல் மத்திய அரசு அவர் பெயரில் விருது வழங்கியது. கொடைக்கானலில் ரோஜா வளர்க்கும் தம்பதியர் ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

நான் ஏன் இவரை எழுதினேன்?

எங்க வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை. மழை வந்தால் ஊருக்கு வந்து ராகி விதைப்பார். எங்க ஊரில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேசுவோம். ஹாஸ்டலுக்கு வந்த புதிதில் என் பேச்சைக் கேட்டு, நீ எந்த ஊர் சேர்மானம் என்று சிரித்தவர்கள் உண்டு. அப்போது அழுதேன். இப்போது கலப்பில்தான் வலிமை என்று அறிவியலே சொல்கிறது என்று தைரியமாகச் சொல்வேன்.

இந்த வருடத்தோடு டிப்ளமோ முடிகிறது. பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று சார் சொல்கிறார். வீட்டில் மாமா பையனுக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறார்கள். நல்ல பையன்தான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் எனக்குப் படிக்க வேண்டும். நாலைந்து தடவை அந்தப் பக்கத்தைப் படித்ததற்குக் காரணம் இதுதான்.

பொங்கல் லீவில் இந்தக் கட்டுரையை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவுக்கும் ஆயாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கையில் கரும்பு இருந்தது. குரோமோசோம் அவர்களுக்குப் புரியவில்லை. நாணல் கதை நன்றாகப் புரிந்தது. ஆயா, அந்தம்மா கடைசி வரைக்கும் கண்ணாலமே கட்டிக்கலையா என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவ்வளவு தூரம் போன பொண்ணு ஊருக்குத் திரும்பி வந்துச்சா என்றார். படிக்கவும் வேலை பார்க்கவும் மூன்று தடவை கடல் தாண்டிப் போனார், மூன்று தடவையும் திரும்பி வந்தார் அப்பா என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பரீட்சையை ஒழுங்கா எழுதி முடி, மாமாகிட்ட நான் பேசிக்கிறேன் என்றார். என்ன பேசுவார் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறேன்.

தோழிகளே, நம்மில் பலருக்கு வீட்டில் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கும். சண்டை போட வேண்டாம். ஜானகி அம்மாளின் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.